மெத்தை விரிக்கத் தகுந்த ஜோடி

எங்கள் ஊரில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் மெத்தை பிம்பா அக்கா வீட்டிலிருந்துதான் போகும். அதை விரிக்க மட்டும் அவள் போகக் கூடாது.

பெண்ணும் மாப்பிள்ளையும் முதலில் படுக்கப்போகிற மெத்தையை ஒரு ஜோடிதான் விரிக்க வேண்டும். கல்யாணமாகி ரொம்ப காலம் ஆன ஜோடி. இரண்டு பேரும் உயிரோடு இருக்க வேண்டும், ஒரே வீட்டில் இருக்க வேண்டும், சண்டை போட்டு யாரும் கேட்டிருக்கக் கூடாது. அவர்கள் மெத்தையை விரித்து, தலையணை வைத்து, கொஞ்ச நேரம் படுத்து எழுந்து, கண்ட கனவைச் சொல்வார்கள். பிள்ளை பிறந்தது, களஞ்சியம் நிரம்பியது, வாசலுக்கு யானை வந்தது என்று கனவு எப்போதும் நல்லதாகவே இருக்கும். கெட்ட கனவு கண்டதாக யாரும் இதுவரை சொன்னதில்லை.

பிம்பா அக்காவின் புருஷன் தெற்கே ரப்பர் தோட்டத்து வேலைக்குப் போனவர். போய்ப் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். அங்கே வேறு வீடு, வேறு பெண்டாட்டி என்று கேள்வி. செத்திருந்தால் விதவை என்று ஒரு பெயராவது கிடைத்திருக்கும். இது அதுவும் இல்லை. ஊர்ப் பெண்களுக்கு எல்லாம் ஒன்றுதான்: நீ அறைக்கு வெளியே நில்.

மற்ற வீட்டுக் கல்யாணங்களில் அவள் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. "பஞ்சு அடைச்சே தோள் கழண்டு கிடக்கு. விரிக்கறதுக்கு வேற நான் வரணுமா? போங்கடி" என்று சொல்லிவிட்டுச் சமையல் பக்கம் போய்விடுவாள். இந்த முறை அப்படி முடியவில்லை. கல்யாணம் அவள் மகள் வண்ணிசாவுக்கு. எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டோடு வந்து இருப்பான். ஆகவே வீடு பிம்பா அக்காவுடையது, அறை அவளுடையது, மெத்தையும் அவள் செய்தது. நிற்க வேண்டிய இடம் மட்டும் வாசல்.

அந்த மெத்தைக்கு அவள் ஒரு வருஷம் எடுத்துக்கொண்டாள். கொல்லையில் நிற்கிற இலவ மரத்துக் காய்தான் வேண்டும் என்றாள். சந்தைப் பஞ்சு ஆகாது. விதை எடுத்து, வெயிலில் காயப்போட்டு, மூங்கில் கூண்டுக்குள் போட்டு நான்தான் அடித்தேன். நான் அவளுக்கு ஒன்றுவிட்ட தம்பி, பக்கத்துத் தெரு. பஞ்சடிக்க, வைக்கோல் திணிக்க, மூட்டை தூக்க என்னைக் கூப்பிடுவாள். அடித்து முடிக்கும்போது மூக்கு, காது, கண் இமை எல்லாவற்றிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். இரண்டு நாள் தும்மினேன்.

"மெதுவா அடிடா. அது பஞ்சு, உன் முதலாளி இல்ல" என்பாள்.

மெத்தை முழுக்கச் சாதாரணத் தறித்துணிதான், சிவப்புக் கரை வைத்தது. தலைமாட்டில் மட்டும் ஒரு பட்டை கித். பாவு இழைகளைக் குச்சியால் கிளப்பிக் கிளப்பி நடுவில் வண்ண ஊடை விட்டு நெய்கிற துணிதான் கித். அவள் நாக வளைவும் வைரக் கட்டமும் மாற்றி மாற்றிப் போட்டிருந்தாள். தலையணைகளின் இரண்டு முகத்திலும் அதே கித். கித் தலைக்கு உரியது. அதன் பக்கம் கால் நீட்டக் கூடாது, அதன்மேல் உட்காரக் கூடாது. இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தருவதில்லை. சின்ன வயதில் ஒரு முறை உட்கார்ந்து பார்த்தால் போதும், தொடையில் விழுகிற அடி சொல்லித் தந்துவிடும்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் மாப்பிள்ளையின் அம்மா கெம்போன் வந்தாள். பக்கத்து ஊர்க்காரி, அவளும் நெசவுக்காரி. யார் மெத்தை விரிப்பது என்று முடிவு செய்ய வந்திருந்தாள். நான் திண்டுத் தலையணைக்கு வைக்கோல் திணித்துக்கொண்டிருந்தேன். அதனால் எல்லாம் காதில் விழுந்தது.

பிம்பா அக்கா சுற்றி வளைக்கவில்லை. "நானே விரிக்கறேனே" என்றாள்.

"எனக்கு ஒண்ணும் இல்ல சம்பந்தி. நாளைக்கு என் பையனுக்கு ஒரு தலைவலி வந்தாக்கூட ஊரு உங்களத்தான் சொல்லும்."

"அவனுக்கு வாராவாரம் குடிச்சுட்டு வருதே தலைவலி. அதுக்கு யாரச் சொல்றாங்க?"

"அது ஆம்பளைங்க தலைவலி. அது வேற."

"அப்ப நீங்களும் அண்ணனும் விரிங்க."

போன மாதம் கெம்போன் தன் புருஷன் சமான் மேல் ஒட்டரிசி அவிக்கிற பானையை வீசியிருந்தாள். இரண்டு ஊருக்கும் தெரியும். சமான் தலையில் புடைப்பு இன்னும் வற்றவில்லை. தொப்பி போட்டுக்கொண்டு திரிந்தார்.

"எங்கள விடுங்க" என்றாள் கெம்போன். "உங்க ஊருலயே புன்மா பெரியவரும் தோங்தி அம்மாவும் இருக்காங்கல்ல. அவங்க சண்ட போட்டு யாராச்சும் கேட்டிருக்காங்களா?"

யாரும் கேட்டதில்லை. அது உண்மை. நான் அவர்களுக்கு அடுத்த வீடு. சண்டை என்ன, அவர்கள் பேசியே நான் கேட்டதில்லை. அவர்களுக்கு ஒரு கறுப்பு நாய் உண்டு. "மீன் சாஸ் தீந்துபோச்சுன்னு அந்த மனுஷன்கிட்ட சொல்லு" என்று தோங்தி நாயைப் பார்த்துச் சொல்வாள். புன்மா கடைக்குப் போவார். திரும்பி வந்து, "வாங்கியாச்சுன்னு சொல்லு" என்பார், அதே நாயிடம். வீடு ஒழுங்காக நடந்தது. என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

"சரி, அவங்களே விரிக்கட்டும்" என்றாள் பிம்பா அக்கா. சொல்லிவிட்டு ஒரு தலையணையை எடுத்து, ஏற்கெனவே தைத்து மூடிய வாயைப் பிரித்துத் திரும்பத் தைத்தாள். தையலில் ஒரு குறையும் இல்லை.

வண்ணிசாவுக்கு விஷயம் போனபோது அவள் யசோதோன் டவுனில் வேலை பார்க்கிற கடையிலிருந்து போன் செய்து கத்தினாள். "எங்கம்மா விரிக்கலன்னா நான் பாயிலயே படுத்துக்கறேன்."

"படுத்துக்கோ. முதுகு வலிச்சா எங்கிட்ட வராத" என்று சொல்லி பிம்பா அக்கா போனை வைத்துவிட்டாள்.

கல்யாணம் காலையில் நன்றாகவே போனது. மாப்பிள்ளை தனோம் மேளதாளத்தோடு வந்தான். வாசலில் பெண்கள் சங்கிலி பிடித்து மறித்தார்கள், பணக் கவர் வாங்கினார்கள், விட்டார்கள். வாழை இலைமேல் நின்று கால் கழுவிக்கொண்டான். சடங்கு நடத்திய பெரியவர் முதலிலும் மற்றவர்கள் பிறகும் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டினார்கள். பிறகு வண்ணிசா மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களை வணங்கி, அவர்களுக்கு உரிய மெத்தை, போர்வை, தலையணைகளை வைத்தாள். எல்லாம் பிம்பா அக்கா கைவேலை. கெம்போன் ஒரு தலையணையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அதன் கித் முகத்தைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தாள். ஓரத்துத் தையலை நகத்தால் இழுத்துப் பார்த்தாள். இழை நகரவில்லை. குறை சொல்ல வந்தவள் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம் தெரிந்தது. அதற்குப் பிறகு அந்தத் தலையணையை அவள் மடியை விட்டு இறக்கவே இல்லை.

மெத்தை விரிக்க நல்ல நேரம் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிகிறது என்று நூல் கட்டிய பெரியவர் சொன்னார். புன்மாவும் தோங்தியும் அறைக்குள் போனார்கள். அவர் பட்டுத் துண்டு போட்டிருந்தார். அவள் தலையில் பூ வைத்திருந்தாள். பார்க்க அழகான ஜோடி. நாயை வீட்டிலேயே கட்டிப் போட்டுவிட்டு வந்திருந்தார்கள். கல்யாண வீட்டுக்கு நாயைக் கூட்டிவர முடியுமா?

அறை வாசலில் திரைத்துணி தொங்கியது. பெண்கள் அதை ஒதுக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். பிம்பா அக்கா எல்லாருக்கும் பின்னால், சுவரோரம் நின்றாள். கழுத்து மட்டும் நீண்டிருந்தது.

"மூணு மடிப்பு, பாத்துப் பிரிங்க" என்றாள். "கித் பட்டை தலைமாட்டுல வரணும்."

"எங்களுக்குத் தெரியும்மா" என்றார் புன்மா உள்ளேயிருந்து. மெத்தையின் ஒரு முனையைப் பிடித்து இழுத்து, "தலை கிழக்கே" என்றார், யாரையும் பார்க்காமல்.

தோங்தி வழக்கம்போலக் கீழே, காலடியில் தேடினாள். நாய் இல்லை. வாசலில் நின்ற பெண்களைப் பார்த்தாள். பிறகு வேறு வழியில்லாமல் புருஷனையே பார்த்துச் சொன்னாள். "கிழக்கே வாசல் இருக்கு, கண்ணு தெரியலையா? வர்றவன் போறவன் எல்லாம் தலைமாட்டுல மிதிச்சுக்கிட்டா போவான்? தெக்க வை."

"கிழக்குதான் முறை."

"தெக்கயும் முறைதான்."

அவர் அந்தப் பக்கம் இழுத்தார். அவள் இந்தப் பக்கம் இழுத்தாள். மெத்தை நடு அறையில் சுழன்றது. ஒருவழியாகத் தெற்கு வடக்காக வந்து விழுந்தபோது கித் பட்டை வடக்கே, கால்மாட்டில் கிடந்தது. வாசலில் நின்ற பெண்கள் மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

"கால்மாட்டுல கித் வருது பெரியம்மா, திருப்பிப் போடுங்க" என்றாள் பிம்பா அக்கா. குரல் கட்டுக்குள்தான் இருந்தது. கை பக்கத்தில் நின்ற என் சட்டையைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தது.

"இவளால வந்தது" என்றார் புன்மா. "எது சொன்னாலும் எதிர்ச்சொல்லு. அன்னைக்கு எருமைய விக்காதன்னு சொன்னேன், கேட்டாளா?"

"எருமைய வித்தது நானா? குடிச்சுட்டு வந்து கையெழுத்துப் போட்டது யாரு?"

"உன் தம்பி ஊத்திக் குடுத்தான்."

"என் தம்பி செத்து எத்தனையோ வருஷம் ஆச்சு, அவன இழுக்காத."

"உசுரோட இருந்தப்பவும் நான் இழுக்கல. அவனே வருவான், வாரத்துல அஞ்சு நாள், சாப்பாட்டு நேரத்துக்கு."

இத்தனை காலம் நாயின் காதுக்குள் போன எல்லாம் அங்கே வெளியே வந்தது. எருமை, தம்பி, கூரைத் தகரம், யாரோ ஒருத்தி கொடுத்த வெற்றிலை. தாடையைத் தூக்கிக்கொண்டு அவள் அருகே வந்தாள். புன்மா கோபத்தில் அப்படியே கீழே உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்தில் தலையணை இருந்தது. புதுத் தலையணை. பெண்ணுக்கு வைத்தது.

கொல்லையில் யாரோ உரலில் பப்பாளிக்காய் இடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"எழுந்திரிங்க" என்றாள் தோங்தி.

அவருக்கும் தெரிந்துவிட்டது. மெதுவாக எழுந்தார். தலையணையைப் பார்த்தார். கையால் தட்டி உப்ப வைக்கப் பார்த்தார். அப்புறம் வெளியே வந்து, "நான் சொன்னது சரிதான். எருமைய அவதான் வித்தா" என்று என்னிடம் சொல்லிவிட்டு அரிசிச் சாராயம் ஊற்றுகிற இடத்துக்குப் போனார். பின்னாலேயே தோங்தியும் அதே வாக்கியத்தை அவர்மேல் திருப்பிச் சொல்லிக்கொண்டு போனாள். அன்று சாயங்காலம் வரை அவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். நேரடியாக.

இப்போது அறைக்குள் கோணலாக ஒரு மெத்தையும் ஒரு கெட்டுப்போன தலையணையும் கிடந்தன. நேரம் ஓடியது. நூல் கட்டிய பெரியவர் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு கொல்லைப் பக்கம் பார்த்தார். அவருக்குப் பசி.

வேறு ஜோடி தேடினார்கள். ஊர்த்தலைவர் மனைவி கோபித்துக்கொண்டு அம்மா வீட்டில் இருந்தாள். பள்ளிக்கூட வாத்தியார் ஜோடி நல்ல ஜோடி, ஆனால் வாத்தியார் காலையிலேயே குடித்துவிட்டு வேனுக்குள் தூங்கிக்கொண்டிருந்தார். சமான் தொப்பியைச் சரிசெய்தபடி முன்னால் வந்தார். கெம்போன் பார்த்த பார்வையில் திரும்பிப் போனார்.

பிம்பா அக்கா சுவரை விட்டு நகர்ந்தாள்.

"சண்ட போட்டு யாரும் கேட்டிருக்கக் கூடாது, அதானே?" என்றாள்.

"அதான் முறை" என்றாள் கெம்போன்.

"நானும் என் புருஷனும் பத்துப் பன்னெண்டு வருஷமா ஒரு வார்த்தை சண்ட போட்டதில்ல. இந்தத் தெருவக் கேளுங்க."

முதலில் சிரித்தது சமான். அப்புறம் வாசலில் நின்ற எல்லாப் பெண்களும். கெம்போன் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தாள். அடங்கவில்லை. தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நிமிர்ந்தபோது கண் ஓரம் ஈரமாக இருந்தது. சிரித்ததால் வந்த ஈரம்தான்.

"விளையாடாதீங்க சம்பந்தி. ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருக்கணும்."

"இருந்தப்ப அவரு என்ன வேல செஞ்சாரு? படுத்துக் கிடந்தாரு. அதுக்கு ஒரு ஆள் வேணும்னா இப்பவே தரேன். தம்பி, போய் அந்த நீளத் தலையணைய எடுத்துட்டு வா."

தறிக்குப் பின்னால் அடுக்கியிருந்த துணிகளுக்கு நடுவே ஆள் உயரத்துக்கு ஒன்று இருந்தது. உடம்பெல்லாம் வெள்ளைத் துணி, ஒரு முனையில் மட்டும் கித். யாரோ கேட்டுவிட்டு வாங்காமல் போனது. தோளில் போட்டுக்கொண்டு வந்தேன். வழியில் நின்ற பெண்கள், "மாப்பிள்ள வந்துட்டாரு, வழி விடுங்கடி" என்றார்கள்.

"வெறும் உடம்போடயா படுக்க வைக்கறது?" என்று ஒருத்தி கேட்டாள். பிம்பா அக்கா சமான் தோளில் கிடந்த கட்டம் போட்ட துண்டை உருவி அதன் இடுப்பில் கட்டினாள்.

"என் துண்டு" என்றார் சமான்.

"இருங்கண்ணே. பத்து நிமிஷத்துக்கு நீங்களும் ஒரு நல்ல புருஷனுக்கு உதவுனதா இருக்கட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் யாரும் திரைத்துணியைத் தூக்கவில்லை. எல்லாரும் கெம்போனைப் பார்த்தார்கள். பிம்பா அக்காவும் பார்த்தாள். இப்போது அவள் முகத்தில் விளையாட்டு இல்லை. இரண்டு கையும் பக்கத்தில் தொங்கின. வேண்டாம் என்று கெம்போன் சொன்னால் அவள் திரும்பவும் சுவரோரம் போய் நிற்பாள். இனி எந்தக் கல்யாணத்திலும் வாயைத் திறக்க மாட்டாள். அது எனக்குத் தெரிந்தது. கெம்போனுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"பொண்ணோட தலையணைதான் போச்சே" என்றாள் கெம்போன். "எதத் தலைக்கு வைப்பீங்க?"

"வேற இல்ல. இருந்ததெல்லாம் உங்களுக்குத்தான் வச்சேன்."

கெம்போன் மடியைப் பார்த்தாள். காலையிலிருந்து வைத்திருந்த தலையணை. ஒரு முறை தடவினாள். பிறகு எழுந்து வந்து, கித் முகம் மேலே இருக்கும்படி இரண்டு கையாலும் பிம்பா அக்காவிடம் நீட்டினாள்.

"நாளைக்கு எனக்கு வேற ஒண்ணு வேணும். இதே வளைவு. குறைச்சலா போட்டு ஏமாத்தாதீங்க, எனக்கும் நெய்யத் தெரியும்."

"தெரியும். உங்க தையல் கொஞ்சம் லூசு."

"பாத்தீங்களா, இப்பவே ஆரம்பிச்சாச்சு" என்றார் சமான்.

பிம்பா அக்கா உள்ளே போனாள். கோணலாகக் கிடந்த மெத்தையை மடித்தாள். மடித்ததைச் சுவரோடு நிறுத்தி, ஒவ்வொரு மடிப்பிலும் உள்ளங்கையால் தட்டினாள், பஞ்சு ஒரு பக்கம் சேர்ந்திருந்தால் இறங்கிக்கொள்ளும் என்று. பிறகு ஒரே இழுப்பு. மூன்று மடிப்பும் தானாகப் பிரிந்து தரையில் படிந்தது. கித் பட்டை தெற்கே, நூல் பிடித்ததுபோல. கிழக்கா தெற்கா என்று ஒருவரும் பேசவில்லை. தலையணைகளை வைத்தாள், போர்வையை விரித்தாள், ஓரத்தை உள்ளே செருகினாள். நீளத் தலையணையைத் தூக்கிப் புருஷன் பக்கம் கிடத்தினாள். அதுவும் கித் முனை தலைப்பக்கம் வரும்படி. இத்தனை வருஷம் இந்த வேலையை மற்றவர்கள் செய்து நான் பார்த்திருக்கிறேன். ஒருவர் கையிலும் அது இப்படி விழுந்ததில்லை.

அப்புறம் அவள் படுத்தாள். கைகளை வயிற்றின்மேல் கோத்துக்கொண்டு கண்ணை மூடினாள். வண்ணிசா பின்னாலிருந்து பெண்களைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். தனோம் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"இடது தோள்பக்கம் பஞ்சு கட்டியா இருக்கு" என்றாள் பிம்பா அக்கா, கண்ணைத் திறக்காமல். "தம்பி, இது நீ அடிச்சதுதானே?"

"மங்களமா ஏதாச்சும் சொல்லுங்க சம்பந்தி" என்றாள் கெம்போன்.

"இருங்க. இப்பத்தானே படுத்தேன்."

காத்திருந்தோம்.

"கனவு கண்டேன்."

"என்ன கண்டீங்க?"

"என் பொண்ணு இந்த வீட்டுல கத்திக்கிட்டு இருக்கா. உங்க பையனும் பதிலுக்குக் கத்துறான். ரெண்டு பேருக்கும் தொண்டை கட்டிப்போச்சு. அப்புறம் ஒரே சோத்துக் கூடையில கைய விட்டு எடுத்துச் சாப்பிடறாங்க."

கெம்போன் யோசித்தாள். "யானை ஒண்ணும் வரலையா?"

"வந்துச்சு. வாசல்ல கட்டியிருந்துச்சு."

"அப்பச் சரி" என்றாள் கெம்போன். நூல் கட்டிய பெரியவரும் தலையாட்டினார். தலையாட்டிவிட்டு நேராகக் கொல்லைக்குப் போனார், எல்லாருக்கும் முன்னால்.

கூட்டம் கலைந்தது. பெண்ணையும் மாப்பிள்ளையையும் உள்ளே அனுப்பத் திரைத்துணியை முழுக்க ஒதுக்கினார்கள். பிம்பா அக்கா எழுந்திருக்கவில்லை. வண்ணிசா குனிந்து அவள் தோளை அசைத்தாள்.

"அம்மா. எழுந்திரு. எல்லாரும் பாக்கறாங்க. எங்க மெத்தை."

"உங்களுதுதான். எங்க ஓடிப்போகுது?" என்று சொல்லி அவள் போர்வையைக் கொஞ்சம் மேலே இழுத்துக்கொண்டாள். "போய் முதல்ல சாப்பிட்டுட்டு வாங்க."